பெயர் எழுதிய வண்டி

மாதத்தின் முதல் வியாழன். ஹாஸ்டலில் காலைச் சமையலை முடித்துவிட்டு மாடம்மாள் தன் வாடகை அறைக்கு ஓடி வந்தாள். பத்தரைக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும். நர்ஸ் ஜினி ஊசி போட்டுவிட்டுப் போவாள். மூன்று வருடமாக இதுதான் வழக்கம். அந்த மூன்று வருடமும், ஆளில்லாத குரல் எதுவும் மாடம்மாளின் காதில் பேசவில்லை.

இந்த மாதம் வண்டிக்குப் பெயர் எழுதிவிட்டார்கள். 'மனநலச் சேவை' என்று மலையாளத்தில், முழ உயர எழுத்தில். கழக்கூட்டத்துச் சந்து மொத்தமும் அதை வாசித்தது. வீட்டுக்காரர் சத்தியதாஸும் வாசித்தார்.

"மாடம்மா, தப்பா நினைக்கப்பிடாது கேட்டியா. இந்த மாசத்தோட ரூமை ஒழிஞ்சு தரணும்."

"நான் என்ன குத்தம் செஞ்சேன் அண்ணாச்சி?"

"குத்தம் ஒண்ணும் இல்ல. எதிர்வீட்டு வேலப்பன் கேக்கான், பைத்தியத்துக்கா வீடு குடுத்திருக்கீருன்னு."

போன வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு வெளியே தள்ளினார்கள். மருந்து விட்டுப்போய், பதினெட்டு நாள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு கிடந்தாள். அது மாடம்மாளுக்கு நினைவிருந்தது. இருந்தும் சொன்னாள்.

"வண்டி வரவேண்டாம்னு சொல்லிருதேன். ஊசியும் வேண்டாம். ரூமை மட்டும் எடுத்துராதீங்க."

"அப்படின்னா பிரஸ்னம் இல்ல" என்றார் சத்தியதாஸ்.

கேட்டுக்கு வெளியே நின்ற வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்த ஜினி, திறந்த மருந்துப் பெட்டியை மூடினாள். "சேட்டா, இவங்களுக்கு முன்னாடி இந்த ரூம்ல யாரு?"

"ஒரு டிரைவர். குடிச்சிட்டு சன்னலை ஒடச்சான். அதுக்கு முந்தினவன் சொல்லாம ஓடிட்டான், என் கட்டிலையும் கொண்டு."

"இவங்க எப்படி?"

"இவளா? ஒரு சத்தம் கிடையாது. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கிடந்தப்போ கஞ்சி கொண்டுவந்தது இவதான்."

"இவங்களை இப்படி வச்சிருக்கறது இந்த ஊசி. அதை நிறுத்தினா ரூம் தரேன்னு சொல்றீங்க. உங்களுக்கு எந்த மாடம்மா வேணும் சேட்டா?"

சத்தியதாஸ் கேட்டருகே போய்த் தன் ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளினார்.

"வண்டிய உள்ள விடச் சொல்லு மோளே. வெயில்ல எதுக்கு நிக்கணும்? மாடம்மா, நீ எங்கேயும் போண்டாம்."

"சீக்கிரம் போடு ஜினி, ஹாஸ்டல்ல உலை வைக்கணும்" என்று மாடம்மாள் கையை நீட்டினாள்.

எதிர்மாடியில் வேலப்பன் எட்டிப் பார்த்தார். சத்தியதாஸ் நிமிர்ந்து சொன்னார்:

"நல்லா வாசிச்சுக்கோரும் வே. இந்த வண்டி வருதுன்னா வைத்தியம் நடக்குதுன்னு அர்த்தம். நோயை ஒளிச்சாத்தான் வீடு கிடைக்கும்னா, எவனும் மருந்து எடுக்கமாட்டான். அப்போ பயப்படணும். இப்போ போய்க் காப்பி குடியும்."