டர்போவுக்குத் தைத்த சட்டை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்தப் போர்வையைக் காலுக்கு இழுத்துக்கொள்ளுங்கள், குளிர் ஏறுகிறது. எங்கள் ஊர் லோங்மோவில் ரூனேயின் சிவப்புக் கார் எரிந்த கதையைச் சொல்கிறேன். இனிப்பான கதை இல்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்?

காட்டுக்கு நடுவே இருக்கும் பழைய சரளைக்குழியில்தான் எங்கள் பந்தயம். பணக்காரர் பந்தயம் இல்லை. மர ஆலைக்காரன், பால் வண்டிக்காரன், பள்ளிக்கூடச் சமையல்காரி என்று எல்லோரும் கழித்துப்போட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தி ஓட்டுவார்கள். யாரும் காரில் காசைக் கொட்டிவிடக்கூடாது என்று ஒரு விதி உண்டு. பந்தயம் முடிந்ததும் ஓடிய எந்தக் காரையும் எங்கள் பந்தயச் சங்க உறுப்பினர் யார் வேண்டுமானாலும் விலைக்குக் கேட்கலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை, அதுவும் சொற்ப விலை. பல பேர் கேட்டால் பெயர்ச் சீட்டுகளை ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்குவார்கள். தர மாட்டேன் என்றால் அப்புறம் அந்தக் குழிக்குள் கால் வைக்க முடியாது.

ரூனே மர ஆலையில் வேலை பார்த்தான். அவன் காரில் டர்போ உண்டு. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற அந்த இரும்புச் சுருள், நாலு சுற்று ஓடினால் உலையில் போட்டது மாதிரி சிவந்துவிடும். மற்ற டர்போ கார்கள் மதியத்துக்குள் கொதித்து நின்றுவிடும். ரூனேயின் கார் நிற்காது. காரணம் அவன் மனைவி குன்னெல். அனல் தாங்கும் கண்ணாடி நார்த் துணியை வெட்டி, மெல்லிய கம்பியால் தையல் போட்டு, டர்போவுக்கு ஒரு சட்டை தைத்திருந்தாள். பக்கத்தில் போகிற பெட்ரோல் குழாயில் அனல் படாமல் இருக்கத் தன் சமையலறையில் ரொட்டி சுடும் இரும்புத் தட்டையே வளைத்து நடுவில் நிறுத்தியிருந்தாள். ஓட்டம் முடிந்தால் ரூனே உடனே எஞ்சினை அணைக்க மாட்டான். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைப்பான். ஓடும்போது காற்று ஆற்றிக்கொண்டே வரும்; நின்ற பிறகுதான் உள்ளே எல்லாம் வேகும். இது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கார் கையை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான் அவன் ஆசை. அதனால் வேண்டுமென்றே நான்காவதாக வருவான். நான்காவது காருக்கு யார் சீட்டுப் போடுவார்கள்?

அந்த செப்டம்பர் ஞாயிறு, மண் அள்ளும் இயந்திரங்கள் வைத்திருக்கும் பிர்கெர் காலையிலிருந்தே அவனைச் சீண்டிக்கொண்டிருந்தான். பிர்கெரின் கார் அந்த ஆண்டு மூன்று தடவை கொதித்து நின்றிருந்தது.

“என்ன ரூனே, இன்னிக்கும் நாலாவதா? பொண்டாட்டி தச்ச சட்டையைப் போட்டா காருக்கும் உன்னை மாதிரியே பயம் வந்துடுமோ?”

“உன் கார்ல கொதிக்கிற தண்ணியில ஒரு முட்டை வேகவச்சுத் தின்னு, போ.”

“குன்னெல்! உள்ள தட்டுல பன்னு வெந்திருந்தா எடுத்துட்டு வாம்மா, காப்பிக்கு ஆகும்!”

“உனக்குக் கருகினதுதான் தருவேன்,” என்றாள் அவள். குழியோரம் நான் போட்டிருந்த காப்பிக் கடை வாசலில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ரூனே சிரிக்கவில்லை. கடைசி ஓட்டத்தில் கண் மண் தெரியாமல் மிதித்து, பிர்கெரை வேலியோரம் தள்ளிவிட்டு, முதலாவதாக வந்தான்.

பிர்கெர் அதற்காகத்தான் காத்திருந்தான். அவன் மகன்கள், மச்சான்கள், மருமகன் என்று எட்டுப் பேர் கையில் சீட்டு.

“நான் அதை ஓட்டப் போறதில்லப்பா,” என்றான். “கோழி அடைக்கப் போறேன். அந்தத் தட்டுல தவிடு வைப்பேன்.”

குலுக்கலுக்கு அரை மணி நேரம் இருந்தது. ரூனே காரிடம் போய் பானெட்டுக்குள் குனிந்தான். கடைக்குள் இருந்து நான் பார்த்தேன்; சூடு தணிக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் தட்டை வளைத்து ஒதுக்கினான். சட்டையின் ஓரத்தைச் சுருட்டிவிட்டு, பெட்ரோல் குழாயை அந்தக் காயும் இரும்போடு ஒட்டி அழுத்தினான். பானெட்டை மூடினான். பிர்கெர் கையிலேயே எரியட்டும் என்று நினைத்தான்.

சங்கத் தலைவி ஹெட்விக் ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் படித்தாள்.

“குன்னெல்!”

வசந்தத்திலேயே அவள் யாரிடமும் சொல்லாமல் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறாள். ஒன்பதாவது சீட்டு அவளுடையது.

“நீ என்னிக்காவது ஒருநாள் ஜெயிச்சுத் தொலைப்பேன்னு எனக்குத் தெரியும்!” என்று கத்திக்கொண்டே ஓடி வந்து அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கித் தலையில் மாட்டினாள். எங்கள் குழியில், வாங்கினவர் அந்தக் காரில் தனியாக ஒரு சுற்றுப் போய் வருவது வழக்கம். அவள் கையுறை போட்டுக்கொள்ளவில்லை.

ரூனே வாயைத் திறந்தான். நிறுத்து என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பிர்கெர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். ஒரு சுற்றுதானே, தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“மெதுவா போ, குன்னெல்.”

“நாலாவதா வர்றது நீ! நான் இல்ல!”

மூன்றாவது வளைவில் பானெட்டிலிருந்து தீ பிய்த்துக்கொண்டு வந்தது. சீட் பெல்ட்டின் கொக்கியை அவள் தேடிக்கொண்டிருந்தபோது நெருப்பு உள்ளே வந்துவிட்டது. குழியோரம் காவலுக்கு நின்ற தீயணைப்புக்காரர்கள் அவளை வெளியே இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது. இரண்டு கைகளும் போய்விட்டன என்றே சொல்ல வேண்டும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

எல்லோரும் ஆம்புலன்ஸ் பின்னால் ஓடியபோது, பிர்கெர் எரிந்த எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தான். தட்டு கையால் வளைத்தபடி அப்படியே இருந்தது. ரூனேயின் காதருகே போனான்.

“இது எனக்கு வச்சது. இல்லையா?”

ரூனே ஆம்புலன்ஸ் போன பக்கம் திரும்பிக்கொண்டான்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே வச்சுக்க.”

அடுத்த ஆண்டு என் கடையில் காப்பி குடித்தபோதுதான், பிர்கெர் என்னிடம் மட்டும் அதைச் சொன்னான். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் குன்னெல் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

“காலையிலதான் பார்த்தேன் ரூனே, நல்லாத்தான் இருந்துச்சு. என் தையல் விட்டுப்போச்சா?”

கட்டுப்போட்ட அந்தக் கைகளுக்கு மேல் அவன் போர்வையை இழுத்துவிட்டான்.

“ஆமா,” என்றான். “ஒரு பக்கம் விட்டிருந்துச்சு.”

கார் இன்னும் அவர்கள் வீட்டுப் பின்னால்தான் நிற்கிறது. அவனிடமிருந்து யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்வாள்: “என் தையல்தான். ரூனே ஒரு நாள்கூட அதுக்காக என்னைக் குறை சொன்னதில்ல.” அவன் அவளுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருப்பான். நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், கண்ணுகளா. நானும் உண்மையைச் சொன்னதில்லை.

போங்கள், போய்த் தூங்குங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அளவோடு எரியட்டும். உங்களுக்காக உழைக்கிற கைகள் நோகாமல் இருக்கட்டும். கத்த வேண்டிய நேரத்தில் உங்கள் வீட்டில் யாருக்கும் வாய் அடைத்துப்போகாமல் இருக்கட்டும்.