பின்கதவில் ஒரு துளை

பதினோரு வருடமாக மாமனாரும் மருமகனான பல்செட்காரரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் இருவரும் பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சு." "மழை வரும்போல இருக்கு." "வரும்." மாமனார் வாயைத் திறப்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான். அந்த வாயிலிருந்த மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் செய்துகொடுத்தவர் மருமகன். "நான் கட்டின பல்லுதான். என்னைக் கடிக்கிறதுக்காவது அதை வெளிய காட்டலாம்ல?" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

பகலெல்லாம் இரண்டு பல் டாக்டர்களுக்காக மெழுகிலும் அக்ரிலிக்கிலும் பல் செய்வது அவர் தொழில். சாயங்காலமானால் முன்னறை ஜன்னலோரம் இருந்த மேசையில் உட்கார்ந்து, பழைய போர் வண்டிகளை முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்வார். பொம்மை என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். திருகாணியின் தலைகூட அளவு பிசகாது. பல்லை ராவுகிற கை அல்லவா!

அந்த வருடம் அவர் எடுத்துக்கொண்டது ஆறு சக்கரமும் மூடிய கூண்டும் கொண்ட ஒரு ராணுவ லாரி. ஐம்பத்தாறு வருடத்துக்கு முன்னால் முடிந்த போரில் ஓடியது. போர் முடிந்த கையோடு அத்தனையையும் உருக்கிவிட்டதால் இன்று பார்க்க ஒன்றுகூட இல்லை. கிடைத்தவை இடது பக்கத்தைக் காட்டும் ஒரு புகைப்படமும், 'சரக்கு வண்டி' என்று தலைப்பிட்ட ஒரு தொழிற்சாலை வரைபடமும். பின்பக்கம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சரக்கு வண்டிதானே என்று இரண்டு கதவாக வெட்டத் தொடங்கினார்.

காப்பி தம்ளரோடு அந்த வழியாகப் போன மாமனார் நின்றார்.

"ரெண்டு கதவு இல்ல. ஒண்ணுதான்."

பல்செட்காரர் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது. "என்ன மாமா?"

"பின்னாடி ஒரே கதவு. கீல் இடது பக்கம். தாழ்ப்பாள் வெளிய."

"உள்பக்கம் கைப்பிடி எந்த உயரத்துல?"

"உள்ள ஒண்ணும் கிடையாது."

பல்செட்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரெல்லாம் தேடிய தகவல் பக்கத்து அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறது! மாமனார் போர்க்காலத்தில் ராணுவச் சமையலில் இருந்தவர் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்டா கிளறியதைத் தவிர வேறெதையும் அவர் சொன்னதில்லை. "சமையல் சாமான் இந்த வண்டியிலதான் வரும்" என்று இப்போது ஒரு வரி சேர்த்தார்.

மறுநாள் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். கூண்டின் உட்புறம் முழுக்கத் தகரம் அடித்திருக்கும். தரை கதவுப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், கழுவிவிடத் தோதாக. கூரையில் கம்பிக் கூட்டுக்குள் ஒரு பல்பு. அதன் சுவிட்ச் ஓட்டுநர் பக்கம். காற்றுக்கு வழி கிடையாது. மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்ன மாயம் பண்ணினீங்க? அப்பா நேத்து எங்கிட்டகூட ரெண்டு வார்த்தை பேசினாரு" என்றாள்.

"சரக்கு வண்டிக்கு உள்ள எதுக்கு மாமா லைட்டு?"

"ஏத்தும்போது வேணும்ல."

அடுத்த கேள்வி பல்செட்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்டால் கிழவர் எழுந்து போய்விடுவார், வலது பக்கத்து டீசல் தொட்டி எங்கே இருந்தது என்பது தெரியாமலே போய்விடும் என்றும் தோன்றியது. அவர் தொட்டியைப் பற்றிக் கேட்டார். நாற்பத்தெட்டு வயது மனிதர், அந்த நிமிடத்தில் எதை வேண்டாம் என்று தள்ளினார் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சாயம் அடிக்கும் வாரத்தில் மாமனார் கதவைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். "கீழ, வலது மூலையில ஒரு ஓட்டை போடுங்க மாப்பிள்ளை. கட்டைவிரல் அளவு. தகரம் வெளிப்பக்கமா பிதுங்கி நிக்கணும்."

"வரைபடத்துல இல்லையே?"

"வரைபடத்துல எப்படி இருக்கும்? நான் ஓட்டின வண்டியில இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது போலிருந்தது. கதவை மேசையில் வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டார். பல்செட்காரர் தலையைத் தூக்கவில்லை. பல் குடையும் டிரில்லில் மிகச் சன்னமான முனையை மாட்டி, அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக ஒரு துளை போட்டார். ஓரத்தை ஊசியால் வெளிப்பக்கம் நெம்பிவிட்டார். அச்சு அசலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அளவு சரி பார்ப்பதற்காகப் பல் மெழுகில் மனித உருவங்கள் பிடித்து ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் உட்காரவைத்தார். இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு பேர். நெருக்கிப் பார்த்தாலும் பதினாறுக்கு மேல் போகவில்லை.

"பத்தாது. நாப்பது" என்றார் மாமனார்.

"நாப்பது பேர் எப்படி மாமா உக்காருவாங்க?"

"உக்காந்தா நாப்பது வராது."

பல்செட்காரர் திரும்பிப் பார்த்தார். காய்ந்த துணிகளை மார்போடு அணைத்தபடி மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"யாரு நாப்பது பேருப்பா?" என்றாள்.

மாமனார் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு மேசைப் பக்கம் வரவில்லை.

கண்காட்சிக்கு அந்த வண்டியைக் கொண்டுபோக வேண்டாம் என்று மனைவி இரண்டு முறை சொன்னாள். ஆறு மாத உழைப்பு என்றார் பல்செட்காரர். மெழுகு உருவங்களை எடுத்துவிட்டேன், சும்மா வண்டிதானே என்றார். மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை.

நகர மண்டபத்தில் முப்பது மேசைகள். அவருடைய அட்டையில் 'ஆறு சக்கர சரக்கு வண்டி' என்று எழுதியிருந்தது. முதல் நாள் காலையிலேயே கூட்டம் அந்த மேசையில் மொய்த்தது. நடுவர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். பரிசு கையில் விழுந்த மாதிரிதான்.

பதினொரு மணி வாக்கில் ஒரு பெண்மணி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்து கடையிலிருந்து வந்துவிட்டார்போல. எல்லோரும் முன்பக்கம் பார்க்க, இவர் நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் நிமிரவில்லை. முதுகு வலிக்குமே என்று பல்செட்காரர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

"இந்த ஓட்டைய யாரு சொன்னா தம்பி?" என்று கேட்டார்.

"புத்தகத்துல பார்த்தேம்மா."

"புத்தகத்துல இருக்காது." அவர் குரல் உயரவில்லை. "இது எங்க அண்ணன் போட்டது. பெல்ட்டு கொக்கியால. எனக்கு ஆறு வயசு. என் தலையப் பிடிச்சு அழுத்தி, வாய அங்க வைக்கச் சொன்னான். நான் அதுல மூச்சு விட்டேன், அவனுக்கு இடம் இல்ல. கதவு திறந்தப்போ நாலு பேருக்குத்தான் உயிர் இருந்துச்சு. எங்களயும் செத்தவங்கன்னு நினைச்சு மத்தவங்களோட குழியில போட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த நாலுல இப்ப நான் மட்டும்தான் இருக்கேன். யாரு சொன்னா?"

பல்செட்காரர் நேராகவே இருந்த அட்டையை மறுபடி நேராக்கினார். பதில் வராது என்று தெரிந்ததும் தையல்கார அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்கும் வருவேன். நாளைக்குத்தானே கடைசி நாள்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். எதையும் விடாமல் சொன்னார், டீசல் தொட்டியைப் பற்றிக் கேட்ட கதை உட்பட. அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறவள். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் பேசமாட்டாள். அந்த அம்மாவின் வயது என்ன, அப்பாவுக்கு அப்போது என்ன வயது என்று கேட்டாள். இருபத்திரண்டு என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு அப்பாவின் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

"முடிஞ்ச வண்டிய அப்பா இன்னும் பார்க்கலல்ல? நாளைக்கு நானே கூட்டிட்டு வரேன்" என்றாள்.

மறுநாள் மண்டபத்துக்குள் மாமனார் மகளின் கையைப் பிடித்தபடி வந்தார். மேசையருகே உட்கார்ந்திருந்த தையல்கார அம்மாவை அவர் பார்க்கவே இல்லை. வண்டியைத்தான் பார்த்தார். பார்க்கும்போது முகத்தில் ஒரு பெருமை வந்தது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

தையல்கார அம்மா எழுந்தார். "நீங்கதான் ஓட்டினீங்களா?"

"யாரும்மா நீங்க? நான் சமையல்ல இருந்தவன்."

"இந்த ஓட்டை?"

"அது எனக்கெப்படித் தெரியும்? இது மாப்பிள்ளை கற்பனை. நல்லா இருக்கட்டும்னு எதையாவது சேர்ப்பாரு. கேட்டுப் பாருங்க."

மூன்று பேரும் பல்செட்காரரைப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழவர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார், நடுவர் பரிசைக் கொடுப்பார், இந்த அம்மா தன் கடைக்குத் திரும்பிப் போவார். மனைவி அவருக்கு எந்தச் சைகையும் காட்டவில்லை.

"மாமாதான் சொன்னாரு" என்றார் பல்செட்காரர். "நான் ஓட்டின வண்டியில இருந்துச்சுன்னு சொன்னாரு. நாப்பது பேர்னும் சொன்னாரு. எனக்கு அப்பவே தெரியும்மா. வண்டி சரியா வரணும்னு நான் மேல கேக்கல."

மாமனார் மகள் கையை உதறிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். பல்செட்காரர் அட்டையைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியைப் பெட்டியில் வைத்துத் தையல்கார அம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"இது எனக்கு எதுக்கு? எங்க அண்ணனை எங்க போட்டாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. குழியிலிருந்து ஒரு பொம்பளை என்னை இழுத்துக்கிட்டு ஓடினா. எந்த ஊரு, எந்தத் திசை, ஒண்ணும் தெரியாது. இத்தனை வருஷமா அது ஒண்ணைத்தான் தேடறேன்."

கணவனும் மனைவியும் தையல்கார அம்மாவோடு போய்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பழைய விஷயம், மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்றார்கள். வீட்டில் மனைவி அலுவலகத்துக்கு லீவு போட்டாள். தினமும் காலையில் நில வரைபடத் தாள்களை அப்பாவின் கட்டிலில் விரித்துவிட்டு எதிரே உட்காருவாள். "எங்கப்பா?" என்று ஒரு தடவை கேட்பாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் ஓட்டினேன். அவ்வளவுதான். நான் யாரையும் தொடல" என்று நான்காம் நாள் சொன்னார். அவள் அடுத்த தாளை விரித்தாள். ஒன்பதாம் நாள் காலை அவர் எழுந்து உட்கார்ந்து, நான்காவது தாளை இழுத்து, பழைய கல்குவாரி ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

வாடகைக் காரில் நான்கு பேரும் போனார்கள். பல்செட்காரர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ஒரு ஓரத்தில் மாமனார், மறு ஓரத்தில் தையல்கார அம்மா, நடுவில் மனைவி. இரண்டு மணி நேரப் பயணம். வானொலியைப் போடட்டுமா என்று ஓட்டுநர் கேட்டுவிட்டு, கண்ணாடியில் எல்லார் முகத்தையும் பார்த்து, தானே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

குவாரி இப்போது முள்செடி மண்டிக் கிடந்தது. வெட்டிய பாறைக்கு அப்பால் மண்மேடுகள், நல்ல வெயில். மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். தடுமாறவில்லை, வழி தேடவும் இல்லை. நேற்று வந்துபோன இடம்போல நடந்தார். வண்டியைப் பின்னோக்கி எடுக்கிற இடம் எது, திருப்புகிற இடம் எது என்பதுவரை அவர் கால்களுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் பல்செட்காரர் பின்தங்கிவிட்டார்.

தையல்கார அம்மா மாமனார் முன்னால் போய் நின்றார். "எங்க அண்ணன் எங்க?"

மாமனார் மேடுகளைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். மனதார உதவ நினைக்கிற மனிதரின் முகம்தான் அது.

"எந்த மாசம்?" என்று கேட்டார்.

தையல்கார அம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன?"

"எந்த மாசம் வந்தீங்கன்னு தெரிஞ்சா சொல்லலாம். மழைக்கு முன்னாடின்னா இந்தப் பக்கம். அப்புறம் இங்க இடம் இல்லாமப் போச்சு. அந்தப் பாறைக்குப் பின்னாடி போட ஆரம்பிச்சாங்க. குளிர்காலத்துல இன்னும் தள்ளி."

தையல்கார அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அவர் தோளில் ஒரு கையை வைத்தாள். மறு கையால் பையிலிருந்து வரைபடத் தாளை எடுத்து ஒரு பாறையின்மேல் விரித்தாள். காற்றில் அது எகிறியது. பல்செட்காரர் ஓடிவந்து இரண்டு முனைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஒவ்வொண்ணா காட்டுங்கப்பா" என்றாள் அவள், பென்சிலை எடுத்துக்கொண்டு.

மாமனார் தடியைத் தூக்கி முதல் மேட்டைக் காட்டினார். அவள் ஒரு வட்டம் போட்டாள். அடுத்ததைக் காட்டினார். பிறகு அதற்கடுத்ததை. ஏழாவது வட்டத்தோடு அந்தத் தாளில் இடம் முடிந்தது. அவள் பையைத் திறந்து பக்கத்துத் தாளைத் தேடத் தொடங்கினாள்.