லென்ஸ் இல்லாத கேமரா

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு எக்ஸ்ரேக்காரர் என்றே பெயர். கை இறுக்கத்துக்கும் பேர்போனவர். அப்படிப்பட்டவர், பல வருட ஆசையை அடக்க முடியாமல், விலை உயர்ந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கிவிட்டார். வெறும் கேமரா மட்டும்தான். லென்ஸ் வாங்கக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இது ஏது என்று மனைவி கேட்டபோது, ஓய்வுபெறும் பெரிய டாக்டர் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

அவள் நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இத்தனை வருஷம் இருட்டறையில் கிடந்த மனுஷனை ஒருவராவது மதித்தாரே என்று பூரித்துப்போனாள். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். தான் வேலை பார்க்கும் பேக்கரியில் தன் கையாலேயே பெரிய கேக் ஒன்று செய்து, மேலே 'நன்றி' என்று எழுதி, டாக்டரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினாள். எக்ஸ்ரேக்காரர் அந்த எழுத்தைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, ஊழியர்கள் சாப்பிடும் அறையில் கேக்கை வைத்தார். எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். அவருக்கு நீட்டிய துண்டைத் தொட மனம் வரவில்லை.

அடுத்து லென்ஸ் பேச்சை எடுத்தவளும் அவள்தான். நாளெல்லாம் அடுப்பருகே நின்று வீங்கும் கால்களுக்கு நல்ல ஷூ வாங்கவென்று கொஞ்சம் பணம் சேர்த்துவைத்திருந்தாள். "பெரிய மனுஷர் கொடுத்தது, அலமாரியில கண்ணில்லாம கிடக்கலாமா?" என்றாள். அவர் சாக்குப்போக்குச் சொல்லித் தள்ளிப்பார்த்தார், நடக்கவில்லை. கேமரா வாங்கிய கடைப்பக்கமே போகாமல், ஊரின் மறுகோடியில் இருந்த கடைக்கு அவளை அழைத்துப்போனார்.

கடைக்காரர் பொறுமைசாலி. கேமராவைச் செய்த கம்பெனியின் லென்ஸ் யானை விலை என்றும், வேறு கம்பெனிகள் செய்பவையும் இதில் கச்சிதமாகப் பொருந்தும் என்றும் விளக்கினார். முகங்கள் மட்டும் எடுப்பதானால் ஐம்பது எம்.எம்.; அறை, தெரு, ஆட்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமென்றால் முப்பத்தைந்து. விளிம்பில் லேசாக நசுங்கிய பழைய முப்பத்தைந்து ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அவள் கண்ணை வைத்துப் பார்த்தாள். கணவர் இரண்டாகத் தெரிந்தார். இந்த வகைக் கேமராவில் இரண்டும் ஒன்றானால்தான் படம் தெளிவாக விழும் என்று லென்ஸ் வளையத்தைத் திருப்பச் சொன்னார் கடைக்காரர். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. அவள் சிரித்துவிட்டாள்.

பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கம்பெனி லென்ஸைக் காட்டினாள். "இதுக்கு அதுதானே ஜோடி? தவணையில தருவீங்களா? டாக்டர் பார்த்தா நம்மளைக் குறைவா நினைச்சிடக் கூடாது."

தரலாம் என்றார் கடைக்காரர். அவள் பர்ஸைத் திறந்தாள்.

"யாரும் கொடுக்கல," என்றார் எக்ஸ்ரேக்காரர். "நானேதான் வாங்கினேன். உன்கிட்ட சொல்லாம."

கடைக்காரர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அப்போ அந்த கேக்?"

"கூட வேலை செய்யறவங்க சாப்பிட்டாங்க."

"நல்லா இருந்துச்சாமா?"

"நல்லா இருந்ததுன்னாங்க. நான் சாப்பிடல."

அவள் பர்ஸை மூடிப் பைக்குள் போட்டாள். நசுங்கிய அந்த லென்ஸையே அவருடைய காசில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்கு மட்டும் அவரிடம் பணம் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து தேடினால், பக்கத்துச் செருப்புக் கடையில் கெட்டி அடிப்பாகம் வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துபார்த்துக்கொண்டிருந்தாள். அவளாகவே பணம் கொடுத்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

கேமராவை விற்றுவிடுகிறேன் என்று பஸ்ஸில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வித்துட்டா நீங்க நல்லவராயிடுவீங்க. பிடுங்கி வித்தவங்கிற பேரு எனக்கு வரும். வேணாம், வெச்சுக்கிட்டு படம் எடுங்க."

அதற்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. ஜன்னல், நாற்காலி, காலி டம்ளர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். படங்கள் நன்றாகவே வந்தன. அது அவரை இன்னும் உறுத்தியது. அவள் பக்கம் கேமராவைத் திருப்பினால், "இப்ப வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு மதியம் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. படமெல்லாம் எப்படி வருகிறது என்று கேட்டிருப்பார்போல.

"இல்லக்கா, டாக்டர் கொடுக்கல. இவரே வாங்கினது. என்கிட்ட பொய் சொல்லிட்டாரு."

மறுமுனையில் நீளமாக ஏதோ பேச்சு. கேட்டுக்கொண்டே இருந்தவள் லேசாகச் சிரித்தாள். பிறகு சமையலறைக்கு வந்து போனை நீட்டினாள்.

"அக்கா உங்ககிட்ட பேசணுமாம்."

ஈரம் போன பிறகும் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கிக் காதில் வைத்தார்.

"சொல்லுங்கக்கா," என்றார்.