கதவு மூடாத கார்

லக்ஷ்மண் ஸ்க்ரூ டிரைவரை லேசாகத்தான் அழுத்தினான். அது கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது துருவோடு கொஞ்சம் பட்டியும், கோணிச் சாக்கின் ஒரு துண்டும் கூடவே வந்தன. யாரோ ஒரு டிங்கர் முன்னொரு காலத்தில் ஓட்டையைச் சாக்கால் அடைத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, மனசாட்சியையும் சேர்த்து மூடியிருக்கிறார்.

"இத்தனை நாளா கோணி மேலதான் போயிண்டிருந்தோமா?" என்றாள் அவன் அம்மா பூமா.

ஓட்டை விழுந்த இடம் ரன்னிங் போர்டு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், கதவுகளுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓடும் இரும்பு அது. பார்த்தால் கால் வைத்து ஏறுகிற படி. உண்மையில் காரின் இடுப்பெலும்பு. லக்ஷ்மண் அத்திப்பட்டில் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கார் கடற்காற்றில் நின்றபடியே உப்பைத் தின்றிருந்தது. வலப்பக்கம் அதிகமாகத் தின்றிருந்தது.

திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆய்வு. பதினைந்து வயது தாண்டிய வண்டி, தேறினால் ஓடலாம். தேறாவிட்டால் காயலான் கடை. ஆர்.கே.பேட்டை தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் பூமாவுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனால் முதல் பீரியட் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதற்காகவே ஐம்பது வயதில் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அவள் கணவர் ஸம்பத்குமார், டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமே என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்று விதமாகவும் அவள் காதில் விழவில்லை.

கும்மிடிப்பூண்டியில் தண்ணீர் டாங்கி செய்கிற ஷெட் ஒன்றில் லக்ஷ்மணுக்கு வெல்டிங் வேலை. அங்கேயே தகடு வளைத்து, மெஷினையும் இரவல் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலை மறுபடி வந்திறங்கினான். வீட்டுப் பக்கத்து மனையில் காரை முன்னும் பின்னும் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தினார்கள். பாட்டரி, சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே வந்தன. தீப்பொறிக்கு ஈரச்சாக்கும் வாளித் தண்ணீரும் தயார்.

எதிரில் பழைய இரும்பு வாங்கும் குப்புராஜ், தன் மினி லாரியை நிழலில் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டி எப்படியும் தன்னிடம்தான் வரப்போகிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவசரமும் இல்லை.

கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டி, அப்படியே நகர்ந்து போகலாம் என்றான் லக்ஷ்மண். ஸம்பத்குமார் ஒப்பவில்லை. கோயிலில் மாலை சாத்தும் கைங்கர்யம் அவருடையது. நேற்றைய மாலையை முழுக்கக் களைந்துவிட்டுத்தான் இன்றைய மாலை. பழசு பாதி புதுசு பாதி என்று பெருமாளுக்கே செய்ததில்லை, காருக்கு மட்டும் செய்வானேன் என்றார். ராகுகாலத்துக்கு முன்னால் களைந்துவிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பாவோடு வாதாடுவதைவிட இரும்பை வெட்டுவது சுலபம் என்பது லக்ஷ்மணின் அனுபவம். கிரைண்டரை எடுத்து முழு நீளத்துக்கும் வெட்டிக் களைந்தான்.

கார் 'ங்' என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

பூமா டிரைவர் பக்கத்துக் கதவைச் சாத்தினாள். மூடவில்லை. மறுபடி சாத்தினாள். கதவு பின்பக்கத்துத் தூணில் இடித்துத் திரும்பி வந்தது. வண்டியின் நடுவயிறு தொங்கிப்போயிருந்தது.

குப்புராஜ் டீ கிளாஸோடு வந்து குனிந்து பார்த்தார். "இன்னா சாமி, ரெண்டா பிரிச்சிக்கினு கீறீங்க? சொல்லியிருந்தா நானே வெட்டிக்கினு போயிருப்பேன்."

ஸம்பத்குமார், முறையாகத்தானே செய்தோம் என்பதுபோல் வெட்டியெடுத்த துண்டையே பார்த்தபடி நின்றார்.

"ஏன்னா, பெருமாள் மாலையைப் பிடிச்சுண்டா நிக்கறார்?" என்றாள் பூமா. "மாலையை எடுத்தாலும் அவர் பாட்டுக்கு நிப்பார். இந்த வண்டி மாலையைப் பிடிச்சுண்டுதான் நின்னுண்டிருந்தது."

ஸம்பத்குமார் அந்தத் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு, இதை முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கேட்டார். இல்வாழ்க்கையில் தோல்வியை ஒப்புக்கொள்ள இதைவிடக் கண்ணியமான வழி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு ஒட்டலாம் என்றான் லக்ஷ்மண். வீட்டு ஜாக்கிகள் இரண்டும் கட்டைகளோடு முன்னும் பின்னும் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தன. எல்லாரும் குப்புராஜைப் பார்த்தார்கள். அவர் தன் லாரியைப் பார்த்தார்.

"என் வாயில நானே மண்ணைப் போட்டுக்கிறேன்" என்று முனகிக்கொண்டே போய், லாரி ஜாக்கியைத் தூக்கி வந்தார்.

எவ்வளவு தூக்குவது? பூமா சமையலறைக்குப் போய் ஒரு கரண்டியோடு வந்தாள். இடப்பக்கத்துக் கதவின் இடுக்கில் கரண்டிக்காம்பு மேலிருந்து கீழ் வரை தடையில்லாமல் ஓடியது. வலப்பக்கமும் அப்படி ஓட வேண்டும், அவ்வளவுதானே. ஸம்பத்குமார் ஜாக்கியை அழுத்தினார். பூமா காம்பை விட்டுப் பார்த்தாள். மேலே சிக்கியது. இன்னும் கொஞ்சம். கீழே சிக்கியது. அதிகமாகிவிட்டது, இறக்கச் சொன்னாள். வெயில் ஏறியது. ராகுகாலம் வந்து, யாரும் கவனிக்காததால் அதுபாட்டுக்குப் போய்விட்டது. கடைசியில் காம்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது. பூமா கதவைச் சாத்தினாள். 'டப்' என்று மூடிக்கொண்டது.

"யாரும் மூச்சு விடாதீங்கோ" என்றான் லக்ஷ்மண். உட்புறம் இரண்டு தூண்களுக்கும் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தை ஒட்டி அப்படியே நிறுத்தினான். பிறகு புதுத் தகட்டைப் பொருத்தி, சூட்டில் கோணாமல் இருக்க இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே போனான். ஒவ்வொரு சுற்றுக்கும் பூமா கதவைத் திறந்து மூடினாள். ஞாயிறு மாலை ப்ரைமர் அடித்து முடித்தபோது, காருக்குக் கறுப்புக்கரை வேட்டி கட்டியதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை குப்புராஜும் லாரியோடு பின்னாலேயே வந்தார். ஃபெயிலானால் அங்கேயே ஏற்றிக்கொள்ளலாம், டீசல் மிச்சம் என்று விளக்கம் சொன்னார்.

ஆய்வாளர் மண்டியிட்டு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். போகவில்லை. நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். எங்கும் கோணிச் சத்தம் இல்லை. எழுந்து, வேட்டியும் திருமண்ணுமாக நின்ற ஸம்பத்குமாரிடம், ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார்.

ஸம்பத்குமார் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"ஆத்துக்காரிதான் ஓட்டுவா" என்றார்.

முதல் தடவை எஞ்சின் நின்றுபோனது. இரண்டாம் தடவை நிற்கவில்லை. பூமா சுற்றி வந்து நிறுத்தியதும் ஆய்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். குப்புராஜ் லாரியைத் திருப்பிக்கொண்டு வேறு வண்டி தேடிப் போனார்.

ஆய்வு நடந்த மைதானத்தைத் தாண்டியதும் வீடு ஒரு பக்கம், ஆர்.கே.பேட்டை சாலை மறுபக்கம். பூமா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட வேண்டுமாம்.

ஸம்பத்குமார் மேலே இருந்த பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார்.

"கோயில் சாயரட்சைக்குள்ள திரும்பிடலாமோன்னோ?"

"பெல்ட்டைப் போட்டுக்கோங்கோ, சொல்றேன்" என்றாள் பூமா.