கடலுக்கு இறங்கிய கோட்டை வீடு

கலந்தர் முதலாளியின் கோட்டை வீடு ஐம்பத்திரண்டாம் ஆண்டு மாரியில் கடலை நோக்கி முதல் அடி எடுத்து வைத்தது. சாய்ந்தமருதுக் கரையில் அதற்கு ஈடாக ஒரு வீடு இல்லை. பர்மாத் தேக்கு, நிறக் கண்ணாடி, மேலே ஒரு கோபுரம் என்று அவர் பார்த்துப் பார்த்துக் கட்டியது. கடற்காற்று வாங்க வரும் கொழும்புப் பெரியவர்கள் காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்கு. மகள் கலியாணம் முடித்தால் மருமகன் அந்த வீட்டுக்கு வருவான், பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். மனைவியை இழந்த கலந்தருக்கு ஒதுங்க மனம் வரவில்லை. ஒரே மகள் ஹாஜறாவுக்குப் பின்வளவில் ஒரு களிமண் வீட்டைக் கட்டிக் கொடுத்து ஒப்பேற்றிவிட்டார். நிக்காஹ் முடிந்த கிழமையே கோட்டை நகர்ந்தது. ஊர் மூக்கில் விரலை வைத்தது, பிறகு பழகிவிட்டது.

ஹாஜறாவுக்குத்தான் பழகவில்லை. மாரிக்கு மாரி வீடு தென்னைகளை விலக்கிக்கொண்டு போகும். சுவரில் ஒரு கீறலும் விழாது. வாப்பா இன்னும் கரையில்தான் இருக்கிறாரா என்று பயந்து பயந்துதான் காலையில் கதவைத் திறப்பாள். பள்ளிவாசல் லெப்பை வந்து எடுத்துச் சொன்னார். மருமகன் ஷரிபுதீன் தறியை விட்டுவிட்டு வந்து கெஞ்சினான். கலந்தர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, உப்புக்காற்று உடம்புக்கு நல்லது என்றார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மாரியில் அலை வாசற்படி ஏறியது. ஹாஜறா நிறைமாத வயிற்றோடு தண்ணீரில் இறங்கி நடந்தாள்.

"இறங்கி வாங்க வாப்பா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"வீட்டக் குடுத்திட்டா நான் எங்க மகள் போற?" என்றார் அவர். அவருக்கும் பயம்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் நனைந்த படியிலேயே உட்கார்ந்தாள். "அப்ப நானும் இஞ்சதான் இரிக்கன்."

கோட்டை இன்னொரு அடி வைத்தது. தண்ணீர் அவள் வயிற்றைத் தொட்டது. கலந்தர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"இது உன்ட வீடு மகள்."

வீடு நின்றது. கடலுக்குள் நின்றதுதான் தொல்லை. இருந்தாலும் பெண்ணின் வீடு பெண்ணின் வீடுதானே. ஷரிபுதீன் பாயையும் பெட்டியையும் தோணியில் ஏற்றிக்கொண்டு குடிவந்தான். ஹாஜறா பயந்துகொண்டேதான் அங்கே பிள்ளை பெற்றாள். பெண் பிள்ளை. பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழியுமுன்பே, யாரும் சொல்லாமல், கலந்தர் தோணி பிடித்துக் கரைக்குப் போனார். பள்ளிவாசலுக்குப் பின்னால், கடலை விட்டு எட்டத் தள்ளி, பேத்தியின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்.