மணக்க மணக்கக் கழிவுநீர்

ஜாவாவின் கெடிரி நகரத்தின் ஓரத்தில் சோயாப் பாலைக் கட்டியாக்கும் தோஃபு பட்டறை நடத்திவந்தவரும், ஊரார் 'பாக்', அதாவது ஐயா, என்று அழைப்பவருமான கர்யோனோ, விருந்தினருக்குக் குடிக்கும் தண்ணீரைக்கூடத் தட்டில் வைக்காமல் நீட்டியறியாதவர். அந்த நற்குணமே அவரை இக்கட்டில் கொண்டுவந்து நிறுத்தியது.

பட்டறையிலிருந்து ஓடைக்குச் செல்லும் புளித்த நீர் நாறுகிறது என்று எதிர்வீட்டு அம்மாள் இபு டார்சினி முறையிட்டிருந்தார். அதற்கு ஒரு வழி செய்யாவிட்டால் பட்டறையை மூடவேண்டும் என்று ஊர்த்தலைவரும் கூறிவிட்டார். நல்லவேளையாக, கழிவிலிருந்து சோயாவின் சத்துகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வகத்தைச் சேர்ந்த நின்டியா என்னும் இளம்பெண், மாதிரி தேறினால் நீர் முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு குடம் வாங்கிச் சென்றார். இன்று முடிவுடன் வந்திருந்தார்.

"பாக், கோவிச்சுக்காதீங்க. நீங்க குடுத்ததுல சோயாச் சத்தே இல்ல. வெல்லமும் பாண்டான் இலை வாசனையுந்தான் இருக்கு."

கர்யோனோவின் காதுகள் சிவந்தன. "படிச்ச பொண்ணு கையில நாத்தத் தண்ணியக் குடுக்க மனசு வரலம்மா. கிணத்துத் தண்ணியில வெல்லமும் அந்த இலையும் போட்டு, நம்ம தண்ணிய பேருக்குக் கொஞ்சம் விட்டேன்."

"மிச்சத்த எங்க வாட்ச்மேன் ஐஸ் போட்டுக் குடிச்சிட்டாரு! இன்னும் வேணுமாம்."

கர்யோனோ ஓடிச்சென்று தொட்டியிலிருந்து அசல் நீரையே மொண்டு வந்தார். நின்டியா குடத்தை ஐயத்துடன் நோக்கினார்.

"இதுலயும் ஏதாச்சும் போட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா!"

"போன தடவயும் இதத்தான் சொன்னீங்க."

சாட்சி வேண்டியிருந்தது. அந்த நீரின் நாற்றத்தை நன்கறிந்தவர் ஊரில் ஒருவரே. கர்யோனோ தலைகுனிந்து வீதியைக் கடந்தார்.

"இபு, எங்க தண்ணி நாறுதுன்னு கொஞ்சம் வந்து சொல்லணும்."

"என் மூக்குலதான் கோளாறுன்னீங்களே?"

"உங்க மூக்கு மாதிரி மூக்கு ஜாவாவுலயே கெடையாது, இபு."

டார்சினி தோள்துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, குடத்தின்மேல் குனிந்து, அதைவிட வேகமாக நிமிர்ந்தார்.

"அய்யய்யோ, இதேதான்! வெல்லமாவது மண்ணாவது! எம்பொண்ணப் பாக்க வந்தவங்க வாசலோட திரும்பிப் போனது இந்த நாத்தத்துக்குத்தான். கலப்படமே இல்ல, எழுதிக்கோ பொண்ணே!"

தம் நீர் இவ்வளவு கேவலமாக ஏசப்படுவதைக் கர்யோனோ கைகூப்பி, பெருமிதத்துடன் கேட்டுக்கொண்டிருந்தார்.

சோதனையில் அந்த நீர் தேறியது. மறுவாரமே ஆய்வகத்தின் வண்டி வந்தது. குடங்களை ஏற்றிய ஓட்டுநரிடம் கர்யோனோ நாற்றத்துக்காகக் குடத்துக்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.