ஒரு பிள்ளையும் ஓடாத தேர்வு

இந்த டோவா மலைப் பக்கம் முகமூடிகள் வந்தால் பெண்களும் பிள்ளைகளும் ஓடிவிட வேண்டும். வழக்கம் அது. முகமூடிக்குள் இருப்பது ஆள் அல்ல, இடுகாட்டிலிருந்து எழுந்து வந்த மிருகம். அதன் கையிலுள்ள அரிவாளும் மிருகத்துடையதுதான். வெட்டு மட்டும் நம்முடையது.

போன ஆண்டு தேர்வு நாளில் வந்தார்கள். எட்டாம் வகுப்பு மொத்தமும் பயந்து மலைமேல் ஓடியது. பதினொரு பெண்கள் பிறகு பள்ளிக்குத் திரும்பவே இல்லை. இந்த ஆண்டு தலைமையாசிரியை கலிலோம்பே மேடம், ஊர்த்தலைவர் முன் மூன்று முறை மண்டியிட்டு, பள்ளி நாட்களில் முகமூடிகள் வராது என்று வாக்கு வாங்கினார். முகமூடி போடும் இடுகாட்டு இளைஞர்களிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை.

கணக்குத் தேர்வு தொடங்கி ஒரு மணி நேரத்தில் மேளம் கேட்டது. மேடம் வாசலில் போய் நின்றார்.

"யாரும் எழுந்திரிக்கக் கூடாது. எழுதுங்க. சார், நீங்க பின்வாசலைப் பாத்துக்குங்க."

சார் என்றது என்னை. நான் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்தவன், பிளான்டயர் நகரத்துக்காரன், ஆண்களை முகமூடிக் கூட்டத்தில் சேர்க்கும் இடுகாட்டுச் சடங்கு ஆகாதவன். அப்படிப்பட்டவன் கையில் கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூன்று மிருகங்கள் வந்தன. ஒன்று இறகுத் தலை, ஒன்று சிவப்பு முகம், ஒன்று சாக்கு உடம்பு. அவற்றுக்காகப் பேச வழிகாட்டி ஒருவன்.

"என்ன மேடம், கால் மரத்துப் போச்சா? பொம்பளைன்னா ஓடணும்ல?"

"தலைவர் வாக்குக் குடுத்திருக்காரு, அண்ணா."

"அதை அவர்கிட்டயே போய்க் கேளு. மிருகத்துக்கு ஏது வாக்கு?"

அரிவாள் கதவுச் சட்டத்தில் இறங்கியது. மேடம் வாசலை விட்டு நகராமல் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். குரல் ஆடவில்லை.

"ஆறாவது கணக்குல பின்னம் வருது பிள்ளைங்களா, நிதானமா போடுங்க."

நாற்பத்து மூன்று பென்சில்களும் நடுங்கின, ஆனால் தாளின் மேலேயே நடுங்கின. முன்வரிசை லெனியா உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு அடுத்த கணக்கைத் தொடங்கினாள்.

வழிகாட்டி என்னைப் பார்த்துவிட்டான்.

"அட, யாருடா இது டவுன் சேவல்? சடங்கு ஆச்சா உனக்கு?"

துணிச்சலான பதில் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கால்கள் பின்வாசல் தாண்டி மக்காச்சோளக் காட்டில் இருந்தன.

சடங்கில்லாத ஆண் ஓடினால் துரத்தியே ஆக வேண்டும். அதுவும் வழக்கம். மூன்று மிருகங்களும் வழிகாட்டியும் பள்ளியை விட்டு என் பின்னால் வந்தார்கள். தோகை முகத்தைக் கிழித்தது. பள்ளம் ஒன்றில் விழுந்து அப்படியே கிடந்தேன். இரண்டடி தள்ளி சாக்கு உடம்பு நின்றது. அரிவாள் ஒவ்வொரு தட்டையாக, அவசரமே இல்லாமல், வெட்டிக்கொண்டு என்னிடம் வந்தது. மூச்சை அடக்கினேன்.

எவ்வளவு நேரமோ. பள்ளி மணி அடித்தது. அரிவாள் நின்றது. கெடுப்பதற்கு இனித் தேர்வு இல்லை. சாக்கு காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தது.

நான் போனபோது மேடம் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு விழவில்லை.

"ஒரு பிள்ளைகூட ஓடல, சார்."

"நான் ஓடினேன், மேடம்."

"பாத்தேன். நல்லாவே ஓடுனீங்க." விடைத்தாள் கட்டை என்னிடம் நீட்டினார். "நாளைக்கு ரெண்டு தேர்வு. இன்னும் ஆளு சேத்துக்கிட்டு வருவாங்க. கான்வாஸ் ஷூ வச்சிருக்கீங்களா?"